அவன் தேர்ந்தெடுத்த கல்லூரி

பம்பாயில் வியாபாரப் படிப்புக்கென்றே ஒரு கல்லூரி திறந்திருக்கிறார்கள் என்ற செய்தி மேலப்பாளையத்துக்கு நூல் மூட்டையோடு வந்தது. என் கூட்டாளியின் தகப்பனார் அங்கே ஒரு தெரு முழுக்க உள்ள தறிகளுக்கு நூல் கொடுத்து, கைலி நெய்து வாங்கி, கொழும்புக்கு அனுப்புகிறவர். நூல் பம்பாய் மில்களிலிருந்து வரும். மூட்டையைப் பிரித்தால் இடையில் நசுங்கிய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்கள் கிடக்கும். மற்றவர்கள் அவற்றை அடுப்பில் போடுவார்கள். அவன் மட்டும் நீவி எடுத்து வாசிப்பான். அப்படி ஒரு தாளில்தான் கல்லூரியின் அறிவிப்பைப் பார்த்தான். உடனே பம்பாய்க்கு எழுதிப்போட்டு விவரப் புத்தகத்தையும் வரவழைத்துவிட்டான்.

நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகன். அவனும் நானும் திருநெல்வேலியில் இண்டர்மீடியட் வகுப்பில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். பரீட்சை தேறியாயிற்று. பட்டப் படிப்புக்கு வெளியூர்தான் போகவேண்டும். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதில் எனக்கென்று ஒரு யோசனையும் இருந்ததில்லை. மதராசில் பி.ஏ., அதன்பின் வாத்தியார் பயிற்சிக்கு எல்.டி., அதன்பின் மிஷன் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி என்று அப்பா முடிவு செய்து வைத்திருந்தார். அது எனக்கும் சரியென்றே பட்டது.

கொக்கிரகுளத்துக்குப் பக்கத்தில் ஆற்று மணலில் உட்கார்ந்து அவன் அந்தப் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். வைகாசி மாதம். ஆறு அக்கரையை ஒட்டி ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது.

“லே, இதக் கேளு. ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்கு எதுக்குப் போகுது, அங்கன எவன் வெல வைக்கான், கப்பல்காரன் கூலி எப்படிப் போடுதான், எல்லாம் இதுல இருக்குலே.”

“மதராசில இது இல்லியா?”

“மதராசில டைப்பு அடிக்கச் சொல்லித் தருதான். சுருக்கெழுத்து சொல்லித் தருதான். வெள்ளக்காரன் சொல்லச் சொல்ல எழுதுததுக்கு. கள்ளிக்கோட்டையிலயும் ஒண்ணு இருக்காம். அது டிப்ளமாதான். பட்டம் வேணும்னா பம்பாய்தான்.” புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். “நீயும் வாலே.”

“நானா? எனக்கு எதுக்கு வியாபாரம்?”

“நீ வந்தாத்தான் எங்க வாப்பா என்னைய விடுவாக. வாத்தியார் மவனே போறாம்னா படிப்பு நல்ல படிப்பாத்தான் இருக்கும்னு நெனைப்பாக.”

அவன் எதையும் ஒளித்துப் பேசுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் அவன் வந்து பேசுவது, அவன் வீட்டில் நான் போய்ப் பேசுவது என்று அன்றைக்கே ஏற்பாடாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காரப்போகிற நேரம். அவனையும் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தான்.

அப்பா சிரித்தார். “வியாபாரத்தக் காலேசில போயிப் படிக்கணுமா தம்பி? உங்க வீட்டுலயே நடக்குத காரியம்லா அது?”

“எங்க வாப்பாவுக்கு எந்தச் சரக்க எவ்வளவுக்கு விக்கணும்னு தெரியும் வாத்தியாரய்யா. அது ஏன் அந்த வெலைன்னு தெரியாது. நீங்க கணக்குச் சொல்லித் தரும்போது விடைய மட்டுமா சொல்லுவீங்க? வழியக் காட்டுவீங்கள்லா? அந்த வழியத்தான் அங்கன படிச்சுக் குடுக்காங்க.”

அப்பா கணக்கு வாத்தியார். இதற்கு மேல் அவரால் சிரிக்க முடியவில்லை. புத்தகத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தேடினார். சாப்பாடு ஆறிப்போகுமட்டும் வாசித்தார். பாங்குகள், கம்பெனிகள், கணக்குத் தணிக்கை என்று ஒவ்வொன்றாக அவர் கேட்க, அவன் பொறுமையாக விளக்கினான். நான் யாருக்கோ நடப்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமா கண்டியில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கர். என் படிப்புச் செலவை அவர் ஏற்றுக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்ததால் அந்தப் பேச்சும் எழவில்லை.

அம்மாதான் அடுக்களை வாசலில் நின்று, “பம்பாயில கொள்ளநோய் கெடக்குங்காக. தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லாத ஊரு. இவன் பசிச்சாக்கூட வாயத் தொறந்து கேக்க மாட்டான்” என்றாள்.

“நான் கூட இருப்பேன்லாம்மா? இவனுக்குப் பசிச்சா நான் கேப்பேன்.”

அம்மாவின் முகம் அந்த ஒரு பேச்சில் இளகியது. அவனைப் பேசி அனுப்பிவிட்டு அப்பா என்னிடம், “அந்தப் பய சொல்லுதது சரிதாம்லே. நீ பம்பாய்க்கே போ” என்றார். எனக்கு ஒரு கல்லூரி கிடைத்த விதம் இதுதான்.

மறு வாரம் நான் மேலப்பாளையத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வந்தான். இந்தப் படிப்பு முடிந்தால் தூத்துக்குடி ஏஜெண்டு இல்லாமலே கொழும்புக்கு நேராகச் சரக்கு அனுப்பலாம், சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும்கூட அனுப்பலாம், கடை பெருகும், இதைச் சொன்னால் போதும். நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். நூலும் கஞ்சிப் பசையும் மணக்கிற தெருக்கள். இருபுறமும் தறிச் சத்தம்.

அவன் தகப்பனாரை ஊரே மொதலாளி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். அவர் பாயில் உட்கார்ந்து நெய்து வந்த கைலிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவற்றை ஒதுக்கிவிட்டு எதிரே இடம் காட்டினார். உள்ளேயிருந்து நன்னாரி சர்பத் வந்தது. அவன் கதவோரமாக நின்றான். தகப்பனாருக்கு முன்னால் அவன் உட்கார மாட்டான்.

அவர் கேள்விகள் எளிதாகத்தான் தொடங்கின. அங்கே பள்ளிவாசல் இருக்கிறதா, ஹலாலாகச் சாப்பாடு கிடைக்குமா, எந்த மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதற்கெல்லாம் பதில் அவனே சொன்னான். பம்பாயில் பெரிய பெரிய முஸ்லிம் வியாபாரிகள் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. தலையை ஆட்டிக்கொண்டார். அதன்பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இவன் சொல்லுதது இருக்கட்டும். இவன் மாசக்கணக்கா இதையேதான் சொல்லுதான். நீ சொல்லு. உன்னைய உங்கய்யா எதுக்கு இந்தப் படிப்புக்கு அனுப்புதாரு?”

அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. நான் உள்ளதைச் சொன்னேன்.

“படிச்சா கம்பெனியில பெரிய வேல கெடைக்கும்னு மொதலாளி.”

அவர் சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை.

“வேல கெடைக்குமாம். கேட்டியாலே?” என்று மகனைப் பார்த்தார். பிறகு என்னிடம், “உங்கய்யா வாத்தியாரு. மாசம் பொறந்தா சம்பளம்னு வாங்கிப் பழகினவரு. அவருக்கு அது சரிதான். நாங்க நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கவங்க. அடுத்தவங் கடையில போயி நிக்கதுக்கா நான் என் மவன அம்புட்டுத் தூரம் அனுப்பணும்? நீயே சொல்லு தம்பி” என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். கொழும்பு, பினாங்கு, ஏஜெண்டு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. கதவோரம் நின்றவன் என்னையே பார்த்தான். நான் பேசவில்லை. சர்பத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வாறேன் மொதலாளி” என்று எழுந்துவிட்டேன்.

ஏன் பேசவில்லை என்பதற்கு எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயந்த சுபாவம் என்பது ஒன்று. அப்பாவின் சம்பளத்தைப் பற்றி அவர் சொன்னதும் காது சூடேறிப்போனது என்பது ஒன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டு வருஷமாகப் படிப்பிலும் பேச்சிலும் நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவன் போகாத ஓர் ஊருக்கு நான் போகப்போகிறேன் என்ற நினைப்பு அந்த நிமிஷத்தில் எனக்குள் எட்டிப்பார்க்கவில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

திரும்புகையில் அவன் என்னோடு ஊர் எல்லை வரை வந்தான்.

“கோவமாலே?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீ உள்ளதத்தான சொன்ன.”

“நானும் போகல. அப்பாட்ட சொல்லிருதேன்.”

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. “கோட்டி புடிச்சிருக்காலே உனக்கு? ரெண்டு பேரும் இங்கன கெடந்து என்ன செய்ய? நீ போ. ஒருத்தனாவது போ.”

வீட்டில் அம்மா பிடிவாதமாக மறுத்தாள். அந்தப் பிள்ளை வராவிட்டால் நீயும் போகவேண்டாம் என்றாள். அவளையும் அவன்தான் சம்மதிக்க வைத்தான். பம்பாயில் அவர்களுக்கு நூல் அனுப்புகிற வியாபாரிக்குத் தகப்பனாரைக் கொண்டே எழுத வைத்து, நான் ரயிலில் இறங்கும்போது ஆள் வந்து நிற்பதற்கும், விடுதியில் இடம் கிடைக்கிறவரை அவர் வீட்டு மாடியில் தங்குவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டான். “தெரிஞ்ச முகம் இல்லேன்னு சொன்னீங்கள்லாம்மா? ஆள் வருவான்” என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் போகப்போவதில்லை என்பதற்காக அழுதாளா, நான் போகப்போகிறேன் என்பதற்காக அழுதாளா, தெரியவில்லை. நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஆனி மாதம் கிளம்பினோம். கிளம்பினோம் என்றுதான் சொல்லவேண்டும். அவனையும் அதே நாளில் தகப்பனாரின் கொழும்புக் கடைக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலியிலிருந்து மணியாச்சி வரை ஒரே வண்டி. அவனோடு கைலிக் கட்டுகளும் வந்தன. அவன் வழியெல்லாம் விவரப் புத்தகத்தில் படித்ததை எனக்கு நினைவுபடுத்தினான். முதல் வருஷம் எந்தப் பாடத்தைக் கவனிக்கவேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னான். மணியாச்சியில் இருவரும் இறங்கினோம். வடக்கே போகிற வண்டி எனக்கு, தூத்துக்குடி வண்டி அவனுக்கு. என் வண்டிதான் முதலில் வந்தது. என் டிரங்குப் பெட்டியை அவன் தூக்கி உள்ளே வைத்தான். வண்டி நகர்ந்தபோது கூடவே நாலு எட்டு நடந்தான். நான் கையைக் காட்டினேன். அவன் திரும்பித் தன் கட்டுகளை எண்ணப் போய்விட்டான்.

பம்பாயில் மழை. நூல் வியாபாரியின் ஆள் குடையோடு வந்து நின்றான். என் கூட்டாளியின் ஏற்பாடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

கல்லூரி எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், பழகிப்போயிற்று என்றுதான் சொல்வேன். நான் கெட்ட மாணவன் அல்ல. சொன்னதை எழுதிக்கொள்வேன், எழுதியதைப் படிப்பேன். ஆனால் ஒரு வாத்தியார் பலகையில் உலகப் படம் மாட்டிக் கப்பல் வழிகளைக் காட்டும்போது, அவன் இங்கே இருந்தால் கையைத் தூக்கி என்ன கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பேன். எனக்குக் கேட்க எதுவும் தோன்றாது. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

நான் சேர்ந்த சில வாரங்களில் ஜெர்மன் சண்டை மூண்டது. வகுப்பில் அதைப் பற்றித்தான் பேச்சு. துணிக்குப் போடுகிற சாயமெல்லாம் ஜெர்மனியிலிருந்து வருவது, இனி அது நின்றுபோகும், இருக்கிற சரக்கு விலை ஏறும் என்று வாத்தியார் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் அதைக் கேட்கவும் கேட்டார்கள், நன்றாக எழுதினேன். மேலப்பாளையத்துக்கு ஒரு கார்டு போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அவனும் ஊரில் இருந்தான். கொழும்பில் வியாபாரம் படுத்துவிட்டதென்று வந்திருந்தான். இருவரும் பேசிக்கொண்டே வயல் வரப்போடு நடந்தோம்.

“தறியெல்லாம் பாதி நின்னு போச்சுலே. சாயம் இல்ல. செவப்புச் சாயம் கண்ணாலயே பாக்க முடியல. இருக்கவன் வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கான். ஒரு மாசம் முன்னால தெரிஞ்சிருந்தா நெறைய வாங்கிப் போட்டிருக்கலாம்.”

எனக்கு அந்த வகுப்பறையும் நான் எழுதிய தாளும் கண் முன்னால் வந்தன.

“எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தேன். “வகுப்பில சொன்னாங்க.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று சொன்னான். படிப்பைப் பற்றி அவன் ஆயிரம் கேட்பான் என்று நான் பம்பாயிலிருந்து வரும்போதே எல்லாவற்றையும் மனதில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிரியும்போது மட்டும், “வகுப்பில நீ எங்கன உக்காருத?” என்றான்.

“மூணாவது வரிச. சன்னலோரம்.”

“பக்கத்துல யாரு?”

“ஒரு குஜராத்திப் பையன்.”

“நல்லாப் படிப்பானா?”

“படிப்பான்.”

“சரி” என்றான்.

நான் பட்டம் வாங்கித் திரும்பினேன். தூத்துக்குடியில் ஒரு பருத்திக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்பா எதற்கு அனுப்பினாரோ அது நடந்தது. அவர் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். என் கூட்டாளி கடையைச் சுருக்கி, கொழும்புக்கும் மேலப்பாளையத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தான். நொடித்துப் போய்விடவில்லை. ஆனால் பெருகவும் இல்லை.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தொழுகை முடிந்து இன்னும் வரவில்லை. மொதலாளிக்கு முட்டியில் வாதம். முன்னதாகவே ஜட்கா வண்டியில் வந்துவிட்டாராம். முன்பு கைலிகளை விரித்துப் பார்த்த அதே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பிரியாணியும் சேமியாவும் கொண்டுவரச் சொன்னார். கம்பெனியைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

“சாயம் சீமையிலேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. எந்தச் சீமைன்னு நான் கேட்டதில்ல. எம் மவன் கேட்டான். சின்னப் பயலா இருக்கையிலயே கேட்டான். நான்தான் போலே, வேலயப் பாருன்னுட்டேன்.”

அவர் பிரியாணித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“அன்னைக்கு நீ வந்தேல்லா? நான் மாட்டேன்னு சொல்லுததுக்காக உக்காந்திருக்கல தம்பி. யாராவது என்னைய மடக்கிச் சம்மதிக்க வைக்கணும்னுதான் உக்காந்திருந்தேன். பெத்த மவன் கேட்டான்னு விட்டா, மவன் ஆட்டுதபடி ஆடுதாருன்னு ஊர்ல பேசுவாக. வெளியாளு நீ, படிச்ச வீட்டுப் பிள்ள, நீ ரெண்டு வார்த்த அடிச்சுச் சொல்லியிருந்தா எனக்குப் போதும். நீ சட்டுன்னு எந்திரிச்சுட்ட.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “சாப்பிடு, ஆறிப்போகும்.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் என்றிருந்ததை என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். ஏன் பேசவில்லை என்ற கேள்வி எனக்குள் மட்டும் இருந்தவரை எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் எப்படியும் மறுத்திருப்பார், நான் பேசியும் பயன் இருந்திருக்காது என்பதே என் மறைவிடமாக இருந்தது. இனி அது இல்லை.

அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெருநாள் முடிந்த வாரம் அவன் பண்டகசாலையில் அவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் தகப்பனார் சொன்னதை அப்படியே சொன்னேன். அதோடு, அன்றைக்கு நான் வாய் திறக்காததற்கு எனக்கே நிச்சயமில்லாத மூன்றாவது காரணமான, அவனை முந்தப்போகிறேன் என்ற அந்த நினைப்பையும் சொன்னேன்.

அவன் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, தொட்டியில் கையைக் கழுவினான். சாயக்கறை இல்லாத கையைத்தான் வெகுநேரம் கழுவினான்.

“வாப்பாவுக்கு வயசாயிட்டு. என்னத்தையாவது சொல்லுவாக. நீ மனசுல வைக்காத” என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் லீவில் ஊருக்கு வந்தாலும் வரமாட்டான். நான் போனால் கொழும்புக்குப் போயிருக்கிறான் என்பார்கள். சில சமயம் அவன் ஊரிலேயே இருப்பது எனக்குத் தெரியும். அம்மா கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனாள். அந்த மாதங்களைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவன் வராமல் இருந்தது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. முதல் தடவையாக அவன் தனக்காக என்மேல் கோபப்பட்டிருந்தான். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கு வரவேண்டியது என்னிடம் வந்து சேர்ந்ததுபோல இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவன் வந்தான். அம்மாவுக்கு ஒரு புடவையும் அப்பாவுக்கு ஒரு துண்டும் கொண்டுவந்தான். அடுக்களை வாசலில் நின்று, “பசிக்கும்மா” என்றான். அம்மா அவனைத் திட்டிக்கொண்டே இலை போட்டாள். அவன் என்னைப் பார்த்து, “தூத்துக்குடியில மழ உண்டாலே?” என்று கேட்டான். உண்டு என்றேன். பக்கத்தில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன்.